குளிர் பட்டால் முள், வேகம் கூடினால் பசை: தட்டணுவின் தில்லாலங்கடி தெரியுமா?

செப்டம்பர் பிறந்துவிட்டால் போதும், தில்லியில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "கவுன்ட் எவ்வளவு?" கரோல் பாக் ஆகட்டும், மயூர் விஹார் ஆகட்டும், காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போன் போட்டால் நலம் விசாரிப்பதற்கு முன்பே பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். 1996-ல் டெங்கு இந்த ஊரில் 10,252 பேரைப் படுக்க வைத்து 423 பேரைக் கொண்டுபோனது. 2015-ல் மறுபடி 15,000 பேருக்கு மேல். அந்த பயம் இன்னும் போகவில்லை. ஒன்றரை லட்சம் என்றால் நிம்மதி, ஐம்பதாயிரத்துக்குக் கீழே இறங்கினால் ஆட்டுப்பால், பப்பாளி இலைச் சாறு, வாட்ஸ்அப் குரூப்பில் "அர்ஜென்ட், எஸ்.டி.பி. டோனர் வேண்டும்" என்று ஊரே அல்லோலகல்லோலப்படும்.

எண்ணிக்கை கிடக்கட்டும். பிளேட்லெட் என்கிற அந்தத் தட்டணு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? கேட்கவேண்டிய கேள்வி அது! இருக்கிற இடத்தைப் பார்த்து ஆளே மாறிவிடுகிற பொடிசு அது. குளிர் பட்டால் ஒரு உருவம், கண்ணாடி பட்டால் வேறொரு உருவம், தொட்ட இடம் மெத்தென்று இருந்தால் ஒரு குணம், கெட்டியாக இருந்தால் இன்னொரு குணம், ரத்தம் வேகமெடுத்தால் முற்றிலும் புதிய ஆட்டம்!

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு தட்டணுவின் குறுக்களவு இரண்டிலிருந்து மூன்று மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் நானூறு பேரை வரிசையாக நிறுத்திவிடலாம். பெரியவர் ஒருவரின் ஐந்து லிட்டர் ரத்தத்தில் சுமார் ஒன்றேகால் லட்சம் கோடி தட்டணுக்கள் ஓடுகின்றன. அத்தனையையும் வடித்தெடுத்தால் எவ்வளவு தேறும் தெரியுமா? இரண்டே டீஸ்பூன்! அந்த இரண்டு டீஸ்பூனை விளிம்போடு விளிம்பு ஒட்டி ஒற்றை வரிசையாக அடுக்கினால் 3,000 கிலோமீட்டரைத் தாண்டும். புது தில்லி ஸ்டேஷனில் ஆரம்பித்தால் கன்னியாகுமரியைக் கடந்து கடலில் இறங்கிவிடும்.

இவை பிறக்கும் விதம் அதைவிட விசித்திரம். எலும்பு மஜ்ஜையில் மெகாகாரியோசைட் என்ற ராட்சத செல் இருக்கிறது. அது பக்கத்து ரத்தக் குழாய்க்குள் நீள நீளமாகக் கைகளை நீட்டும். ஓடுகிற ரத்தம் அந்தக் கைகளை இழுத்து, துண்டு துண்டாக அறுத்து அடித்துக்கொண்டு போகும். அந்தத் துண்டுகள்தான் தட்டணுக்கள். பிறப்பே ரத்தம் இழுத்த இழுப்பில்! தினமும் சுமார் 10,000 கோடி இப்படிப் பிறக்கின்றன. ஏழு முதல் பத்து நாளில் ஆயுள் முடிந்துவிடுகிறது. உள்ளே உட்கரு கிடையாது. மூளைக்குக் கட்டுப்பட்ட நரம்பும் கிடையாது. ஆனாலும் எங்கே இருக்கிறோம் என்பது அதற்கு நன்றாகத் தெரியும்.

ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன ஆகும்?

இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்த தட்டையான வட்டம்: சும்மா மிதக்கும்போது தட்டணு இப்படித்தான் இருக்கும். அந்த வட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருப்பது எது தெரியுமா? விளிம்பை ஒட்டி உள்ளே ஓடும் ஒரு வளையம். மைக்ரோட்யூபூல் என்ற நுண்குழல் ஏழெட்டு முதல் பன்னிரண்டு சுற்று வரை சுற்றிக் கிடக்கிறது. இந்த வளையத்துக்கு ஒரு எமன் உண்டு, குளிர். 4 டிகிரிக்குக் கொண்டுபோனால் வளையம் கரைந்தே போய்விடும்! தட்டு உருண்டையாகிறது, உருண்டையின் மேலெல்லாம் முள் முளைக்கிறது. சற்று நேரத்திலேயே மறுபடி வெதுவெதுப்பாக்கினால் வளையம் திரும்பக் கட்டிக்கொள்ளும், முட்களும் உள்ளே போய்விடும். நாள்கணக்கில் குளிரில் கிடந்தால் திரும்ப வழியில்லை.

ரத்த வங்கிக்குள் போனவர்களுக்கு இது கண்ணெதிரே தெரியும். சிவப்பணுப் பைகள் 2 முதல் 6 டிகிரி ஃபிரிட்ஜில். பிளாஸ்மா உறைபெட்டியில். தட்டணுப் பைகள் மட்டும் தனி ராஜ உபசாரத்தில்: 20 முதல் 24 டிகிரிக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் தட்டுகள் இடமும் வலமுமாக இரவு பகல் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அஜிடேட்டர் என்பார்கள். ஏன் ஆட்டுகிறார்கள்? பைக்குள்ளும் தட்டணு உயிரோடு மூச்சு விடுகிறது. ஆடினால்தான் ஆக்சிஜன் பையின் பிளாஸ்டிக் வழியாக உள்ளே புகுந்து எல்லாவற்றுக்கும் எட்டும். ஆட்டம் நின்றால் லாக்டிக் அமிலம் சேர்ந்து புளிப்பேறும். புளிப்பு எல்லை மீறினால் தட்டு மறுபடி உருண்டை. இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்தாலும் ஐந்தே நாள்தான் ஆயுசு.

இந்த ஏற்பாட்டுக்கு வழிகாட்டியது 1969-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்காட் மர்ஃபி, ஃபிராங்க் கார்ட்னர் இருவரும் செய்த ஆய்வு. அதுவரை தட்டணுவையும் குளிரில்தான் வைத்திருந்தார்கள். குளிரில் வைத்ததை ஏற்றினால் உடம்பிலிருந்து சீக்கிரமே காணாமல் போகிறது, அறை வெப்பத்தில் வைத்தது நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது என்று காட்டினார்கள். காணாமல் போவது எங்கே? 2003-ல் காரின் ஹாஃப்மைஸ்டர் குழு பதிலைச் சொன்னது: குளிர்ந்த தட்டணுவின் மேல்தோலில் சில மூலக்கூறுகள் கும்பல் சேர்ந்துவிடுகின்றன, கல்லீரல் அதைப் பார்த்ததும் விழுங்கிவிடுகிறது! குளிருக்கு ஏன் இப்படி ஒரு எதிர்வினை என்பதற்கும் அவர்கள் ஒரு கருத்து வைத்திருக்கிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் கை, கால், தோல். உடம்பின் குளிர்ந்த ஓரங்கள் அவை. அங்கே போகும்போதே தட்டணு அரைத் தயார் நிலைக்கு வந்துவிடுவது நல்லதுதானே!

இப்போது தில்லியை நினைத்துப் பாருங்கள். 2021 ஜனவரி 1 அதிகாலை சஃப்தர்ஜங்கில் 1.1 டிகிரி. மே மாத மத்தியானம் 45. ரத்த வங்கியிலிருந்து வார்டுக்குப் போகும் வழியில் அந்தப் பை எந்த மாதிரி வானிலையில் மாட்டும் என்று சொல்லவே முடியாது. உறவுக்காரர்கள் பாசத்தில் ஐஸ் பெட்டியோடு வந்து நிற்பதும் நடக்கும். மற்ற ரத்தத்துக்குச் சரி. தட்டணுப் பைக்கு ஐஸ் கூடாது. அறை வெப்பத்திலேயே எடுத்துப்போய், தாமதிக்காமல் ஏற்ற வேண்டும்.

பைக்குள் இருப்பது தட்டா உருண்டையா என்று மைக்ராஸ்கோப் இல்லாமலே சொல்ல முடியும், தெரியுமா? டெக்னீஷியன் அந்த வெளிர்மஞ்சள் பையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். கட்டை விரலால் மெல்ல அழுத்தித் திருப்புவார். உள்ளே பளபளவென்று புகைச்சுருள் மாதிரி கோடுகள் சுழன்று ஓடினால் பை தேறியது. சுழலே இல்லாமல் ஒரே மந்தமாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். காரணம் எளிது: தட்டுகள் ஓட்டத்தோடு ஒரே திசையில் திரும்பி நின்று ஒளியைச் சிதறடிக்கும், திரும்பத் திரும்பப் பளபளப்பு மாறும். உருண்டைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான், பளபளப்பு எங்கே மாறும்? சுழல் பார்ப்பது என்று இதற்குப் பெயர். கருவி வேண்டாம், காசு வேண்டாம், கண் போதும். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த தகவல் இதுதான்.

கதையில் ஒரு திருப்பமும் உண்டு. ஐம்பது ஆண்டு ஒதுக்கி வைத்த குளிர்த் தட்டணுவை இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள்! முள் முளைத்து உசுப்பேறி நிற்பதால், ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கு அது உடனே ஒட்டி அடைக்கும். நீண்ட நாள் வாழ வேண்டிய அவசியம் அங்கே இல்லை. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2023-ல், வழக்கமான தட்டணு கிடைக்காத இடங்களில் ரத்தப்போக்கை நிறுத்துவதற்காக, குளிரில் 14 நாள் வரை வைத்ததைப் பயன்படுத்த வழி செய்தது.

ஊதா மூடிக் குழாயின் மாயம்

லேபில் ரத்தம் எடுத்து ஊதா மூடி போட்ட குழாயில் விடுகிறார்களே, அந்தக் குழாய்க்குள் போனதுமே தட்டணு உருமாறத் தொடங்குகிறது, தெரியுமா? ரத்தம் உறையாமல் இருக்க அதில் இ.டி.டி.ஏ. என்ற உப்பு தடவியிருக்கும். அது பட்டதும் தட்டு மெல்ல மெல்ல உருண்டையாக உப்பும். ரிப்போர்ட்டில் எம்.பி.வி. என்று ஒரு வரி இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. தட்டணுவின் சராசரிப் பருமன் அது. எடுத்த ரத்தம் மெஷினுக்குள் போகத் தாமதமாக ஆக, அந்த எண் ஏறிக்கொண்டே போகும். நோயாளிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குழாயில் காத்திருந்ததுதான் காரணம்.

இதைவிட வேடிக்கை ஒன்று. ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற கணக்கில், சிலருடைய தட்டணுக்கள் அந்த உப்புக்குள் போனதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். எண்ணும் மெஷின் கொத்தை ஒரு தட்டணு என்று எண்ணாது. வேறு ஏதோ செல் என்று ஒதுக்கிவிடும். விளைவு? உடம்பில் இரண்டு லட்சம் ஓடிக்கொண்டிருக்க, காகிதத்தில் முப்பதாயிரம்! காய்ச்சல் சீசனில் இப்படி ஒரு ரிப்போர்ட் கைக்கு வந்தால் குடும்பம் என்ன பாடுபடும் என்று சொல்லவும் வேண்டுமா? ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கொத்து தெரிந்துவிடும். நீல மூடிக் குழாயில், அதாவது சிட்ரேட்டில், மறுபடி எடுத்து எண்ணினால் பெரும்பாலும் உண்மை எண் வெளியே வரும். ரத்தக் கசிவோ வேறு தொந்தரவோ எதுவும் இல்லாதவருக்குத் திடீரென்று அதலபாதாள எண் வந்தால், ஸ்லைடு பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தொட்டால் தெரியும் சேதி

ரத்தக் குழாயின் உள்பூச்சு வழுவழுப்பானது. அதன் மேல் தட்டணு ஒட்டாது. கண்ணாடியில் விட்டுப் பாருங்கள்! தொட்ட சில நிமிடங்களில் முதலில் மெல்லிய விரல்கள் நீளும். விரல்களுக்கு நடுவே தோல் பரவும். கடைசியில் கல்லில் ஊற்றிய தோசை மாவு கணக்காக வட்டமாய்ப் படர்ந்துவிடும். இரண்டு மூன்று மைக்ரான் இருந்தது, அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலத்துக்குப் போய்விடும். இவ்வளவு தோல் எங்கிருந்து வந்தது? தட்டணுவுக்குள் மடிப்பு மடிப்பாகக் கால்வாய்கள் இருக்கின்றன. அத்தனையும் சேமிப்பில் வைத்த தோல். தேவை வந்ததும் விரித்துக்கொள்கிறது.

இன்னும் இருக்கிறது. ஒட்டிய இடம் மெத்தென்றா, கெட்டியா என்றும் அதற்குத் தெரியும்! அட்லாண்டாவில் வில்பர் லாம் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு இது. மென்மை வேறு வேறாக இருக்கும் ஜெல்களைச் செய்து, எல்லாவற்றின் மேலும் ஒரே அளவு ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதத்தைத் தடவி, தட்டணுக்களை விட்டார்கள். கெட்டி ஜெல்லில் அதிகமாக ஒட்டி, அகலமாகப் பரவி, முழுவேகத்தில் வேலையில் இறங்கின. மெத்தென்ற ஜெல்லில் சுணங்கின. ரத்தக் கட்டி ஆரம்பத்தில் கொழகொழவென்றும் போகப்போக இறுக்கமாகவும் ஆவதால், பின்னால் வந்து சேரும் தட்டணு அந்த இறுக்கத்தைத் தொட்டே எவ்வளவு உழைக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறது என்பது அவர்கள் எடுத்த முடிவு. கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. தடவிப் பார்த்தே தீர்ப்பு!

அதே லாம் குழு இன்னொரு குசும்பும் செய்தது. தட்டணுவைவிடச் சின்னச் சின்னதாகப் புரதப் புள்ளிகளை அச்சடித்து, அதைச் சுற்றி எதுவும் ஒட்ட முடியாதபடி விட்டுவைத்தார்கள். புள்ளிக்குள் மாட்டிக்கொண்ட தட்டணு என்ன செய்தது தெரியுமா? தன் பைகளில் வைத்திருந்த ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின் புரதங்களை எடுத்துப் புள்ளியின் ஓரத்தில் தானே பூசி, தான் பூசிய தரையில் தானே கால் வைத்து வெளியே பரவியது! 2015-ல் வந்த ஆய்வு. இடம் போதவில்லை என்றால் இடத்தைச் செய்துகொள்கிறது.

இழுவிசையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒற்றைத் தட்டணுவைப் பிடித்து அளந்த 2011 ஆய்விலும் லாம் இருந்தார். சராசரி 29 நானோநியூட்டன். பலசாலிகள் 79 வரை போனார்கள். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். தட்டணுவின் எடையால் வகுத்துப் பார்த்தேன்: தன் எடையைப் போல் கிட்டத்தட்ட மூன்று லட்சம் மடங்கு! அறுபது கிலோ ஆள் 17,000 டன்னை இழுப்பதற்குச் சமம். (அளவு சிறுக்கச் சிறுக்க இந்தக் கணக்கு எப்போதுமே பொடிசுகளுக்குச் சாதகமாகத்தான் வரும், எறும்புக்கும் அப்படித்தான். இருந்தாலும் மூன்று லட்சம்!) இழுக்கும் விதமும் அழகு. ஒரு விரல் ரத்தக் கட்டியிலுள்ள ஃபைப்ரின் நாரைப் பிடித்துத் தன் பக்கம் இழுக்கும். அது விடுவதற்குள் அடுத்த விரல் முன்னே போய்ப் பிடித்துவிடும். மாறி மாறி இழுத்து நாரைச் சுருட்டிவிடும். கோடிக்கணக்கில் இப்படி இழுக்கும்போது கட்டி சுருங்கி இறுகுகிறது. நடுவில் மாட்டிய சிவப்பணுக்கள் நெருக்கடி தாங்காமல் வட்ட வடிவத்தையே இழந்து பல முகம் கொண்ட கற்களாகிவிடுகின்றன. ஒன்றுக்கொன்று இடைவெளியே இல்லாத சுவர்! பென்சில்வேனியாவில் 2014-ல்தான் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள்.

வேகம் கூடினால் ஒட்டுமா, அடித்துக்கொண்டு போகுமா?

வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடினால் கரையில் ஒட்டியதெல்லாம் கழன்று போகும். ரத்தத்தில் தலைகீழ்! வேகம் கூடக்கூடத் தட்டணு இன்னும் நன்றாக ஒட்டும். இந்தக் கண்கட்டு வித்தைக்குக் காரணம் வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீளமான புரதம். ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-ல் ஒரு தீவுக் குடும்பத்தின் ரத்தக் கசிவு நோயை விவரித்தார். பெயர் அப்படி வந்தது. சாதாரண ஓட்டத்தில் அது சுருண்டு கிடக்கும், தட்டணு ஏறிட்டும் பார்க்காது. ஓட்டத்தின் உராய்வு ஒரு எல்லையைத் தாண்டியதும் சட்டென்று நீளமாக விரியும். விரிந்ததும் அதுவரை ஒளிந்திருந்த கொக்கிகள் வெளியே வரும். பறந்துகொண்டிருந்த தட்டணு அதில் மாட்டி, உருண்டு, வேகம் குறைந்து, நின்று, பரவுகிறது. தமனியில் வெட்டுப்பட்டாலும் அடைப்பு விழ முடிவது இதனால்தான். கொழுப்பு படிந்து குறுகிப்போன இதயத் தமனியில், குறுகலில் வேகமெடுக்கும் ரத்தம் அநியாயத்துக்குக் கட்டி கட்டுவதும் இதனால்தான்.

விரிவதில் ஒரு ஆபத்தும் உண்டு. விரிந்த புரதத்தை வெட்டுவதற்கென்றே ஒரு என்சைம் ரத்தத்தில் சுற்றுகிறது. 1958-ல் எட்வர்ட் ஹைட் என்ற அமெரிக்க மருத்துவர், இதயத்தின் அயோர்ட்டா வால்வு குறுகிய நோயாளிகளுக்குக் குடலில் ரத்தம் கசிகிறது, காரணம் புரியவில்லை என்று எழுதினார். வால்வு எங்கே, குடல் எங்கே! பின்னால்தான் முடிச்சு அவிழ்ந்தது. குறுகிய வால்வில் பீய்ச்சியடிக்கும் ரத்தத்தில் அந்தப் புரதம் விரிந்துகொண்டே இருக்கிறது, என்சைம் வெட்டிக்கொண்டே இருக்கிறது, கடைசியில் ஒட்டுவதற்குச் சரக்கு இல்லை. வால்வை மாற்றினால் குடல் கசிவு நின்றுவிடுகிறது!

தட்டணு குழாயின் ஓரத்திலேயே ஓடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. குண்டுகுண்டான சிவப்பணுக்கள் நடுவழியைப் பிடித்துக்கொண்டு இவற்றைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிடுகின்றன. அடிபடுவது சுவர்தான் என்பதால் அங்கே காவல் இருப்பது வசதி. சிவப்பணு குறைந்தால்? தள்ள ஆளில்லை, தட்டணு நடுவே அலையும். ரத்தசோகைக்காரருக்குத் தட்டணு எண்ணிக்கை சரியாகவே இருந்தும் ரத்தம் நிற்கத் தாமதமாவதற்கு இது ஒரு காரணம். சிறுநீரக நோயாளிகளுக்குச் சிவப்பணுவை ஏற்றினாலே கசிவு குறைவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

தில்லிக் காற்று, லே மலை

சரி, உடம்புக்கு வெளியே இருக்கும் சுற்றுச்சூழல்? அதுவும் கை வைக்கிறது. கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த குழு ஒன்று தில்லிவாசிகளின் ரத்தத்தைக் கிராமத்துக்காரர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டு 2012-ல் முடிவுகளை வெளியிட்டது. தில்லிக்காரர்களின் தட்டணு மேல்தோலில் பி-செலக்டின் கூடுதலாக நின்றது. சாதுவான தட்டணுவில் இந்தப் புரதம் உள்ளே பைகளுக்குள் பூட்டிக் கிடக்கும். உசுப்பேறினால்தான் வெளியே தலைகாட்டும். அதாவது, எங்கும் வெட்டுக்காயம் இல்லை, ஆனால் தட்டணுக்கள் சண்டைக்குக் கை மடக்கி நிற்கின்றன! நவம்பர் புகைமூட்டத்தில் மாஸ்க்கைத் தேடுகிறவர்கள் மூச்சை நினைத்துத்தான் தேடுகிறார்கள். ரத்தத்தையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

நுரையீரலுக்கும் தட்டணுவுக்கும் இன்னொரு உறவும் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் 2017-ல் உயிருள்ள சுண்டெலியின் நுரையீரலைப் படம் பிடித்தபோது, மெகாகாரியோசைட்டுகள் அங்கேயே உட்கார்ந்து மணிக்கு ஒரு கோடிக்கும் மேல் தட்டணு உற்பத்தி செய்வதைப் பார்த்தார்கள். எலியின் தட்டணுவில் பாதி நுரையீரல் தயாரிப்பாம்! தில்லிப் புகையும் இந்த உற்பத்தியும் ஒரே இடம் என்று முடிச்சுப்போட நாக்கு துறுதுறுக்கிறது. எலி எலிதான், மனுஷன் மனுஷன்தான்; அந்த முடிச்சைப் போடாமல் நகர்கிறேன்.

வடக்கு தில்லியில் திமார்பூர், லக்னோ ரோட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் உடலியல் ஆய்வகம் ஒன்று இருக்கிறது, டிபாஸ் என்பார்கள். ராணுவ வீரரின் உடம்பு பனியில், வெயிலில், உயரத்தில் என்ன ஆகிறது என்று ஆராய்வதுதான் அதன் வேலை. தில்லியில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லே. சுமார் 200 மீட்டர் உயரத்திலிருந்து 3,500 மீட்டருக்கு! ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வீரர்களை முதல் ஆறு நாள் பழக்கப்படுத்திய பிறகே மேலே அனுப்புகிறார்கள். அப்படியும், நீண்ட காலம் உயரத்தில் தங்கும் படைவீரர்களுக்கு ரத்தக் குழாயில் தானாகக் கட்டி விழும் ஆபத்து 30 மடங்கு என்று ராணுவ மருத்துவர்கள் 2001-ல் நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியாவில் எழுதினார்கள். இளவட்டங்கள், திடகாத்திரமானவர்கள், அவர்களுக்கு!

ஏன் என்று தேடிய டிபாஸ் குழு, முகமது ஜாகித் அஷ்ரஃப் தலைமையில், 2014-ல் பிளட் என்ற ஆய்விதழில் ஒரு விடையைத் தந்தது. ஆக்சிஜன் குறைந்த காற்றில் எலிகளை வைத்துப் பார்த்தபோது தட்டணுக்களின் புரதப் பட்டியலே மாறியிருந்தது. கால்பெயின் என்ற என்சைம் மும்முரமாகியிருந்தது. தட்டணுவின் உள்சட்டகத்தைத் தாங்கும் புரதங்களை நறுக்கி, அதை உருமாறவும் ஒட்டவும் விடுகிற ஆள் இந்தக் கால்பெயின். அதை அடக்கியதும் துடுக்குத்தனம் குறைந்தது. மலையில் ரத்தக்கட்டி கண்ட மனிதர்களின் ரத்தத்திலும் அதே கால்பெயின் கூடுதலாக இருந்தது. உட்கரு இல்லாத ஒரு துணுக்கு, மேலே காற்று மெலிந்ததைத் தெரிந்துகொண்டு உள்ளே தச்சு வேலையை மாற்றுகிறது! நாலு நாள் லடாக் சுற்றுலா போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு டிக்கெட்டைக் கேன்சல் செய்ய வேண்டாம். அந்த 30 மடங்கு மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு. போன முதல் நாளே ஓடியாடாமல், தண்ணீர் குடித்துப் படுத்துக் கிடந்தால் போதும்.

கொசுறாகச் சில. காலையில் படுக்கையை விட்டு எழுந்து நின்றதும் தட்டணுக்களின் ஒட்டும் குணம் கூடுகிறது. படுத்தே கிடந்தால் கூடுவதில்லை! வாராணசியில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகக் குழு 2011-ல் கிராஃபீன் ஆக்சைடு என்ற அணு கனத் தகடுகளைத் தட்டணுவோடு சேர்த்தது. மேல்பரப்பின் மின்னூட்டம் பட்டே தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகின. வேலூர் சி.எம்.சி.யில் மேற்கு வங்கத்து ரத்தக் கொடையாளர்களைப் பார்த்த மருத்துவர்கள், எண்ணிக்கை குறைவு, தட்டணு பெரிசு, ஆனால் ரத்தக் கசிவே கிடையாது என்ற அதிசயத்தை 2002-ல் எழுதினார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்து பயப்படுகிறவர்கள் அந்த வங்காளிகளிடம் பாடம் கேட்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தில் 1990 டிசம்பர் 6 அன்று முதன்முதலாகப் பொருத்தப்பட்ட டி.டி.கே. சித்ரா செயற்கை இதய வால்வு இன்று ஆயிரக்கணக்கான இந்திய நெஞ்சுகளில் துடிக்கிறது. ஆனால் உலோகமும் பிளாஸ்டிக்கும் அன்னியம் என்பதைத் தட்டணு ஒருநாளும் மறப்பதில்லை, அதனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆயுள் முழுக்க.

டெங்குவுக்கே திரும்பி வருகிறேன், தில்லிக்காரர்களை அதில் விட்டுவிட முடியாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தட்டணு 20,000-க்குக் கீழே போன 372 டெங்கு நோயாளிகளில் பாதிப்பேருக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றி, மற்றவர்களுக்கு ஏற்றாமல் பார்த்தார்கள். 2017-ல் லான்செட்டில் வந்த முடிவு: ஏற்றியவர்களுக்குக் கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. டெங்கு ரத்தத்துக்குள் போகும் புதுத் தட்டணுவும் அதே கலவரத்தில் மாட்டிச் சீக்கிரம் அழிகிறது. ரத்தம் கசியாதவருக்கு 10,000-க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றியே யோசிக்கச் சொல்கிறது நம் நாட்டு வழிகாட்டுதல். காய்ச்சல் விடும் நேரத்தில் கண் வைக்க வேண்டியது ரத்தத்தின் கெட்டித்தன்மையைச் சொல்லும் பி.சி.வி. மேல். குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதுதான் டெங்குவில் உயிரைக் குடிப்பது. வாட்ஸ்அப்பில் ஓடும் எண்ணைவிட அது முக்கியம்.

அப்படியும் எஸ்.டி.பி., அதாவது ஒரே கொடையாளரிடமிருந்து எடுத்த தட்டணு, தேவைப்படுகிறவர்கள் உண்டு: ரத்தம் கசிகிறவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் மஜ்ஜை ஓய்ந்தவர்கள். ஒருவர் கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றி, தட்டணுவை மட்டும் பிரித்து, மிச்சத்தை அவருக்கே திருப்பிவிடுவார்கள். ஒரு பையில் சுமார் 30,000 கோடி! 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம், வாரத்துக்கு இரண்டு முறை, ஆண்டுக்கு 24 முறை வரை. போகும் முன் ஒன்று மட்டும்: தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டிருந்தால் மூன்று நாள் கழித்து வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரே மாத்திரை அன்று ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்களின் ஒரு முக்கிய என்சைமை அவற்றின் ஆயுள் முழுக்க முடக்கிவிடும். உட்கரு இல்லாததால் புது என்சைம் செய்துகொள்ளவும் வழியில்லை. மஜ்ஜை புதுத் தட்டணுக்களை அனுப்பி ஆள் மாற்றும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.